இறக்கை ஸ்பாய்லர்: வேகம் கூடாமல் உயரம் குறைப்பது

வேகத்துக்குப் பேர் வாங்கிய பிஸ்டன் விமானங்கள் எல்லாமே இறங்கும்போது அடம்பிடிக்கும். காற்றுக்குத் தடையில்லாமல் வழித்துச் செய்த உடல், மெல்லிய இறக்கை, உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள் ஆகியவைதான் மேலே நமக்கு வேகத்தைத் தருகின்றன. கீழே வரும்போது அந்த வேகத்தை விட மறுப்பவையும் இவையே. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், வேகமானியின் முள் பச்சை வளைவைத் தாண்டி மஞ்சளுக்குள் போய்விடும். மூனி எம்20 ஓட்டுபவர்களிடையே ஒரு பேச்சு உண்டு: இதைக் கீழே இறக்கலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. இறக்கையில் ஸ்பாய்லர் பொருத்தியிருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். எப்போது, எவ்வளவு, என்ன விலைக்கு என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாய்லர் இல்லாத விமானத்தை எப்படித் திட்டமிட்டு இறக்குவீர்களோ, அதே திட்டத்தைத்தான் ஸ்பாய்லர் உள்ள விமானத்துக்கும் போட வேண்டும். திட்டம் கைமீறும்போது எடுப்பதற்காக ஸ்பாய்லரைக் கையிருப்பாக வைத்திருங்கள். தொடக்கத்திலேயே அதைக் கணக்கில் சேர்த்துச் செலவழித்துவிட்டால், கன்ட்ரோலர் உங்களைக் கூடுதல் நேரம் உயரத்தில் நிறுத்தி வைக்கும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது.

திராட்டிலை இழுத்தால் போதாதா?

இறங்கும் விமானத்தில் உயரம், வேகம், எஞ்சின் சக்தி என்று மூன்று வகை ஆற்றல் இருக்கிறது. உயரத்தை இழக்க வேண்டும், வேகம் கூடக் கூடாது என்றால் சக்தியைக் குறைத்தாக வேண்டும். ஜெட் எஞ்சினில் இது எளிது, கைப்பிடியை ஐடிலுக்கு இழுத்துவிட்டு இறங்கலாம். காற்றால் குளிரும் பிஸ்டன் எஞ்சினில் அப்படிச் செய்தால், எரிப்பு குறைந்து வெப்பம் உண்டாவது திடீரென்று நின்றுபோகும். வெளிக்காற்றோ முன்னைவிட வேகமாக சிலிண்டர்கள் மேல் பாயும். 13,000 அடி உயரத்தில் அந்தக் காற்று உறைநிலைக்குக் கீழேகூட இருக்கலாம்.

சிலிண்டரின் தலை அலுமினியம், குழல் எஃகு. இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குபவை. திரும்பத் திரும்ப வேகமாகக் குளிரவைத்தால் தலையில் விரிசல் விடும், வால்வு கைடு தேயும் என்பது பழைய எச்சரிக்கை. லைகோமிங் நிறுவனம் தன் அறிவுறுத்தலில் சிலிண்டர் வெப்பநிலை நிமிடத்துக்கு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் மாறக் கூடாது என்கிறது. செல்சியஸில் அது சுமார் 28 டிகிரி. இந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதாடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். புறப்படும்போது எஞ்சின் சூடேறும் வேகம் இதைவிட அதிகம், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லையே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் எஞ்சினை மெதுவாகக் குளிரவிடுவதால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. மேலும், சக்தியை அறவே குறைக்கும்போது எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றுவதற்குப் பதிலாகக் காற்று புரொப்பெல்லரைச் சுழற்றி, அது எஞ்சினைச் சுழற்றத் தொடங்குகிறது. பிஸ்டன் வளையங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இது நல்லதல்ல. அதனால் மேனிஃபோல்டு அழுத்தத்தை நிமிடத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெல்லக் குறைத்து, இறக்கம் முழுவதும் எஞ்சின் ஓரளவு உழைத்துக்கொண்டே இருக்கும்படி வைத்துக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. டர்போ இல்லாத எஞ்சினில், கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். திராட்டிலைத் தொடாமல் விட்டாலும் 1,000 அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் மேனிஃபோல்டு அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே வரும். நீங்கள் குறைத்தது குறைந்தபடியே இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

தகடு எழும்போது நடப்பது

பிஸ்டன் விமானங்களில் காணப்படும் ஸ்பாய்லர் பெரும்பாலும் ஒரே வகைதான். ஒவ்வொரு இறக்கையின் மேற்பரப்பிலும் ஒரு குறுகிய பிளவு இருக்கும். ஸ்டியரிங்கிலோ நடுப் பலகையிலோ உள்ள பொத்தானைத் தட்டினால், அந்தப் பிளவிலிருந்து ஒரு மெல்லிய தகடு காற்றோட்டத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும். மறுபடி தட்டினால் உள்ளே போய்விடும். பாதி எழுப்புவது என்ற பேச்சே கிடையாது. கிளைடர் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனமாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே நெம்புகோலைக் கையில் பிடித்தபடி கால், அரை, முக்கால் என்று வேண்டிய அளவு திறந்து, இறங்கும் கோணத்தைக் கடைசி நொடிவரை திருத்திக்கொண்டே வரலாம். இங்கே இருப்பது முழுதாக எழுவது, முழுதாக மடங்குவது என்ற இரண்டே நிலைகள். அளவைத் திருத்த வேண்டுமென்றால் திராட்டிலால்தான் முடியும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற ஊரில் உள்ள பிரிசைஸ் ஃப்ளைட் நிறுவனத்தின் தயாரிப்புதான் இவற்றில் பரவலானது. மூனி தன் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி விற்றது. பொனான்சா, செஸ்னா 210 போன்றவற்றில் பிறகு வாங்கிப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. அதே பெண்ட் ஊரில் தயாரான கொலம்பியா 400 விமானத்துக்கும் இது வந்தது.

பொத்தானைத் தட்டியதும் ஒரு மெல்லிய அதிர்வு இருக்கையில் தெரியும், காற்றின் இரைச்சல் ஒரு படி கூடும், மூக்கு சற்றே அசையும். ட்ரிம் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் அடங்கிவிடும். ஆட்டோபைலட் உயரத்தையோ இறங்கு வேகத்தையோ பிடித்திருந்தால் அந்த அசைவைத் தானே சரிசெய்துகொள்ளும். பயணிகளுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தம் திடீரென்று மாறியதுபோல் அவர்களுக்குத் தோன்றும்.

பெயர் ஸ்பாய்லர் என்றாலும், இந்தச் சிறு தகடுகள் தூக்குவிசையைக் கெடுப்பது குறைவு, இழுவிசையைக் கூட்டுவதே அதிகம். மூனியில் இவற்றைச் சிவப்புக் கோடு வரை எந்த வேகத்திலும் எழுப்பலாம் என்று கையேடு அனுமதிக்கிறது. சக்கரங்களையும் ஃபிளாப்புகளையும் விட இதில்தான் ஸ்பாய்லருக்குப் பெரிய மேன்மை. பிற்கால மூனிகளில் சக்கரத்தை இறக்க 140 நாட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும், ஃபிளாப்புக்கு இன்னும் கீழே. வேகம் அதிகமாக இருக்கும்போது உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக் இந்தத் தகடுதான்.

இந்த இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அது உங்களிடமிருந்து உறிஞ்சும் ஆற்றலோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும். ஒரு கணக்குக்காக, 160 நாட் வேகத்தில் தகடு உங்கள் இறங்கு வேகத்தோடு நிமிடத்துக்கு 1,000 அடி சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 நாட்டில் அதே தகடு சேர்ப்பது அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 125 அடிதான். ஸ்பாய்லரை ஓடுதளத்துக்கு அருகே பயன்படுத்த நினைக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். தகடு தன் வேலையைச் செய்வது உயரத்தில், வேகத்தில், தொலைவில்தான். இறுதி அணுகலில் மிக உயரமாக வந்துவிட்ட விமானத்தை அது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அங்கே முழு ஃபிளாப்பும் ஸ்லிப்பும் அதைவிட நன்றாக உதவும். அப்படியும் சரிவரவில்லை என்றால் மேலே ஏறி மறுபடி சுற்றி வருவதே வழி.

மலைமுகட்டிலிருந்து பெண்ட் வரை

பெண்ட் ஊரின் பெயரை மேலே சொன்னேன். ஸ்பாய்லர் தயாராகும் அந்த ஊருக்கு வந்து சேரும் வழியே அதன் பயனைக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமான இடம்.

மேற்கே யூஜீன் பக்கமிருந்து பெண்ட் வரும் விமானம் கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். நேர்வழியில் குறுக்கே நிற்பது மூன்று சகோதரிகள் எனப்படும் எரிமலைச் சிகரங்கள். அவற்றில் தென்சகோதரியின் உயரம் 10,358 அடி. அதற்கு நேர் கிழக்கே சுமார் 25 கடல் மைலில் பெண்ட் விமான நிலையம், 3,460 அடி உயரத்தில். சிகரத்துக்கு மேலே 3,000 அடி இடைவெளி விட்டு, கிழக்கு நோக்கிய பார்வைவழிப் பறத்தலுக்கு உரிய 13,500 அடியில் தாண்டுகிறீர்கள். ஓடுதளத்தைச் சுற்றும் உயரம் ஏறக்குறைய 4,500 அடி. ஆக 25 மைலுக்குள் 9,000 அடி இழக்க வேண்டும்.

கைக்கணக்கு ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரங்களில் எடுத்து 3-ஆல் பெருக்கினால், எத்தனை மைல் முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்பது கிடைக்கும். 9-ஐ 3-ஆல் பெருக்கினால் 27. வேகத்தைக் குறைக்க மேலும் மூன்று நான்கு மைல் வேண்டும். மலைமுகட்டைத் தாண்டும்போதே நீங்கள் தாமதமாகிவிட்டீர்கள். முன்கூட்டி இறங்கத் தொடங்கவும் வழியில்லை, கீழே இருப்பது பாறை.

தரைவேகம் 180 நாட் என்றால் நிமிடத்துக்கு 3 மைல். கடைசி மைலை வேகம் குறைக்க விட்டுவிட்டால், மிச்சம் 24 மைலுக்கு 8 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 1,125 அடி இறக்கம். அங்கே மேற்குக் காற்று வழக்கமான ஒன்று. அது 30 நாட் வேகத்தில் முதுகில் தள்ளினால் தரைவேகம் 210, நேரம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு, இறக்கம் நிமிடத்துக்கு 1,300 அடியைத் தொடும். அதே மேற்குக் காற்றுதான் மலையின் கிழக்குச் சரிவில் குலுக்கலையும் கீழ்நோக்கிய சுழல்களையும் உண்டாக்குகிறது. நீங்கள் மூக்கைத் தாழ்த்தி, முள்ளை மஞ்சள் வளைவுக்குள் ஓட்டிக்கொண்டு இறங்கப்போவது சரியாக அந்தக் காற்றுக்குள்தான். மஞ்சள் வளைவு அலுங்காத காற்றுக்கு மட்டும் உரியது. இந்த ஓரிடத்தில் வேகம், குலுக்கல், எஞ்சின் குளிர்ச்சி மூன்றும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன.

இங்கேதான் பொத்தானைத் தட்ட வேண்டும். முகட்டைத் தாண்டி, கீழே தரை சரிந்து விலகுகிறது என்று உறுதியானதும், முதலில் மேனிஃபோல்டு அழுத்தத்தில் ஓரிரு அங்குலம் குறையுங்கள். வேகம் 150-க்குப் பக்கத்தில் வரும்வரை சற்றே காத்திருங்கள். தகட்டை எழுப்புங்கள். பிறகு மூக்கைத் தாழ்த்துங்கள். இந்த வரிசை முக்கியம். மூக்கை முதலில் தாழ்த்திவிட்டு, வேகம் ஏறிய பிறகு தகட்டைத் தேடுபவர்கள் பலர். அப்போது தகட்டின் முதல் வேலை நீங்கள் சேர்த்துவிட்ட வேகத்தைக் கரைப்பதாகிவிடும், உயரம் அப்படியே நிற்கும். குலுக்கல் பலமாக இருந்தால் 150 கூட அதிகம். உங்கள் எடைக்கு உரிய மனூவரிங் வேகத்துக்குக் கீழே வந்துவிடுங்கள். அந்த வேகத்தில் தகட்டின் உதவி குறையும் என்றாலும், ஒரு மைலைக் கடக்க எடுக்கும் நேரம் கூடுவதால் தேவைப்படும் இறக்கமும் தணிந்துவிடும்.

6,000 அடி வாக்கில் தகட்டை மடக்கிவிடுங்கள். வேகம் 140-க்குக் கீழ் வந்ததும் சக்கரத்தை இறக்கினால், அதன் இழுவிசையே மீதியைப் பார்த்துக்கொள்ளும். தகட்டோடு ஓடுதளச் சுற்றுக்குள் நுழைவதை நான் விரும்புவதில்லை. அங்கே கவனம் வெளியே, மற்ற விமானங்கள் மேல் இருக்க வேண்டும்.

இதே பயணத்தை ஸ்பாய்லரே இல்லாமலும் முடிக்கலாம், அதையும் பாருங்கள். வடக்கே சற்றுச் சுற்றிப்போனால் சான்டியம் கணவாய். இருபுறமும் நிற்கும் வாஷிங்டன் மலையும் மூவிரல் ஜாக்கும் 8,000 அடியை எட்டாதவை. வானம் தெளிவாகவும் காற்று சாதுவாகவும் உள்ள நாளில் 9,500 அடியில் அங்கே தாண்டினால், பெண்ட் வரை 30 மைலுக்குச் சற்று மேல் கிடைக்கும், இழக்க வேண்டியது 5,000 அடி மட்டும். நிமிடத்துக்கு 500 அடி வீதம் பத்து நிமிடம், 180 நாட்டில் 30 மைல். எஞ்சின் சக்தியைக் கொஞ்சம் குறைத்தால் போதும், தகடு தேவையே இல்லை. சுற்றுவழி எடுக்கும் சில நிமிடங்களை நான் மனமுவந்து கொடுப்பேன். கணவாயில் மேகம் அடைத்திருக்கும்போதோ, காற்று பலமாகி இன்னும் உயரே தாண்ட வேண்டியிருக்கும்போதோ நேர்வழியும் ஸ்பாய்லரும் உங்களுக்கு இருக்கின்றன.

காது சொல்லும் வரம்பு

மேலே சொன்ன 1,125 அடி கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். அழுத்தம் கட்டாத கேபினில் உட்கார்ந்திருப்பவர்களின் காது. விமானத்தால் 2,000 அடி வீதம் இறங்க முடிகிறது என்பதால் மனிதக் காதும் அதற்கு உடன்படும் என்று ஆகாது. ஏறும்போது நடுக்காதின் காற்று தானாக வெளியேறும், இறங்கும்போது அதை உள்ளே விடுவதுதான் கடினம். சளி பிடித்தவருக்கும் கைக்குழந்தைக்கும் இது உண்மையான வலி, சில சமயம் காயமும்கூட. நிமிடத்துக்கு 500 அடி என்ற பழைய வழக்கம் காதை வைத்து வந்ததுதான்.

ஆகவே தகட்டை எழுப்பும் முன் பின்னிருக்கையைத் திரும்பிப் பாருங்கள். தூங்குபவரை எழுப்புங்கள், தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. குழந்தை இருந்தால் பாலோ தண்ணீரோ கொடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதலாம். அதுவும் போதவில்லை என்றால், தகட்டை மடக்கி, 500 அடிக்கு மாறி, ஊருக்கு மேலே ஒரு வட்டம் அடித்து இறங்குங்கள். காது வலிக்கும் பயணிக்காக ஒரு வட்டம் அடித்த விமானியை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கன்ட்ரோலர் உங்களைக் கடைசிவரை உயரத்தில் வைத்திருந்து, திடீரென்று கீழே வரச் சொல்லும் சூழலுக்கும் இதே விதிதான். ஸ்பாய்லர் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் சரி சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு இறங்க முடியும் என்பதைச் சொல்லுங்கள், இறங்குவதற்கு ஒரு சுற்றுப்பாதை கேளுங்கள், இல்லையேல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மறந்து விட்ட தகடு

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரத்தை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ஒரு போயிங் 757. விரைந்து இறங்குவதற்காக ஸ்பாய்லர்களை எழுப்பியிருந்தார்கள். பாதை தவறி மலைப்பக்கம் போய்விட்டதைத் தரை எச்சரிக்கைக் கருவி சொன்னதும், விமானிகள் முழு சக்தி கொடுத்து மூக்கைத் தூக்கினார்கள். ஸ்பாய்லர்கள் எழுந்த நிலையிலேயே இருந்தன. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். விபத்தின் மூலகாரணம் பாதை தவறியதுதான். ஆனால் உயிர் பிழைக்க ஏற வேண்டிய அந்தக் கடைசி நொடிகளில், இழுவிசை தரும் தகடுகளை மடக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அந்த விமானத்தில் சக்தி கொடுத்தால் அவை தானாக மடங்கும் ஏற்பாடும் இல்லை.

உங்கள் விமானத்திலும் திராட்டிலைத் தள்ளினால் தகடு மடங்காது, நீங்கள்தான் மடக்க வேண்டும். ஆகவே தகடு எழுந்திருக்கும்வரை ஒரு விரலை அந்தப் பொத்தான் பக்கத்திலேயே வைத்திருங்கள். இறக்கத்தை நிறுத்தி மட்டமாகும் ஒவ்வொரு முறையும், சக்தியைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், இறக்கையை ஜன்னல் வழியே ஒரு முறை பாருங்கள். விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். திரும்பி மேலே ஏற முடிவெடுத்தால் வரிசை இது: சக்தி, தகடு, பிறகு மற்றவை.

எஞ்சின் நின்றுவிட்டால் தகட்டை உடனே மடக்குங்கள், அப்போது ஒவ்வோர் அடி உயரமும் தேவை. இறங்க வேண்டிய வயல் கைக்கெட்டிவிட்டது, உயரம் மிஞ்சியிருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த பிறகு வேண்டுமானால் மறுபடி எழுப்பலாம். இறக்கையில் பனிக்கட்டி படியத் தொடங்கினாலும் மடக்கிவிடுங்கள். எழுந்த தகட்டைச் சுற்றிப் பனி உறைந்தால் அது பிளவுக்குள் திரும்பாமல் போகலாம். மழையில் நின்ற விமானத்தில் அந்தப் பிளவுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள், உயரத்தில் அதுவும் உறையும்.

ஒரு பக்கத் தகடு மட்டும் எழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். விமானம் அந்தப் பக்கம் சாயவும் திரும்பவும் பார்க்கும், ஆனால் தகடு சிறியது, அய்லெரான் வலுவானது. இறக்கையை மட்டமாகப் பிடியுங்கள், மடக்கும் பொத்தானைத் தட்டுங்கள். மடங்காவிட்டால் கையேடு சொல்லும் வரிசையில் அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, வேகத்தைக் குறைத்து, ஓடுதளம் தேடுங்கள். இந்தக் கோளாறு பெரும்பாலும் தரையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓடுதளத்துக்கு வண்டியை நகர்த்தும் முன் ஒரு முறை எழுப்பி, இடமும் வலமும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தயங்கி எழுந்தால்கூட அன்று தகட்டைத் தொடாமல் பறந்துவிட்டு, மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

உங்கள் விமானத்தின் எண்கள்

நான் கொடுத்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைதியான ஒரு காலைப்பொழுதில், கீழே தட்டையான நிலம் உள்ள இடத்தில், 8,000 அடிக்குப் போங்கள். தெரிந்த ஒரு சக்தி அமைப்பில், தெரிந்த ஒரு வேகத்தில் தகடு இல்லாமல் 1,000 அடி இறங்கி, எத்தனை வினாடி ஆயிற்று என்று குறியுங்கள். ஏறி வந்து அதே சக்தியில், அதே வேகத்தில் தகட்டோடு இறங்குங்கள். பிறகு வேகத்தை 160, 140, 120 என்று மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் உங்கள் கண் வெளியே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வெப்பநிலை நிமிடத்துக்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தகட்டோடு இறங்கும்போது எஞ்சினில் எவ்வளவு சக்தியைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது என்பது அந்த எண்ணில்தான் தெரியும். கிடைத்த அளவுகளை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, இறக்கத்துக்கான செக்லிஸ்ட்டோடு செருகி வையுங்கள். எடை மாறினால் எண்களும் மாறும் என்பதால், நால்வரும் பெட்டிகளும் ஏறிய ஒரு நாளில் இன்னொரு முறை எடுத்து, அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.